70 கோடி டாலர் ஒப்பந்தம் என்கிறார்கள். பேஸ்பால் வீரர் வீட்டுக்குக் கொண்டுபோவது எவ்வளவு?

வைகைக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

டல்லாஸில் குடியேறி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் விளையாட்டென்று ஒப்புக்கொள்ளாதவன் நான். மகனால் பேஸ்பால் பார்க்கத் தொடங்கி, இப்போது ஆர்லிங்டனில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணியின் ஆட்டம் என்றால் அவனுக்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.

சென்ற வாரம் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரோடு ஒரு வாக்குவாதம். "செய்தித்தாளில் வரும் தொகையில் பாதி வரிக்கு, அதற்கு மேல் ஐந்து சதவீதம் ஏஜென்டுக்கு. வீரனுக்கு மிஞ்சுவது 45 சதவீதம்தான்" என்கிறார் அவர். டெக்சஸில் மாநில வருமான வரியே இல்லையே, அறுபதுக்குக் குறையாது என்கிறேன் நான். தோற்றவர் டிக்கெட் வாங்க வேண்டும் என்பது பந்தயம்.

என் கணக்கு இது. 2025-இல் பெரிய லீக்கின், அதாவது மேஜர் லீக் என்னும் உச்சநிலைப் பேஸ்பாலின், குறைந்தபட்ச சம்பளம் ஆண்டுக்கு 7,60,000 டாலர். மத்திய அரசின் வரி 37 சதவீதம், ஏஜென்டுக்கு 5. இரண்டையும் கழித்தால் 4,40,800 மிஞ்சுகிறது, அதாவது 58 சதவீதம். நான் சொன்னதற்கு ஏறக்குறைய வந்துவிட்டது. ஆனால் எனக்கே இந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. விவரம் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

இரண்டாம்தளம்

ஏழரை லட்சம் டாலர் வாங்குபவனுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று கவலைப்பட ஓர் இழை. நன்று. அடுத்து அம்பானி வீட்டு மின்கட்டணத்தைப் பற்றியும் யாராவது தொடங்குங்கள்.

வரிப்புலி

கவலைக்காக அல்ல ஐயா, கணக்குக்காக. பந்தயம் என்று வந்துவிட்டால் கணக்குச் சரியாக இருக்க வேண்டுமே. மக்களுக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் தொழில். என் வாடிக்கையாளர்களில் பேஸ்பால் வீரர் யாரும் இல்லை. ஆனால் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

வைகைக்கரையான் கணக்கில் இரண்டு பிழைகள். இரண்டுமே வீரருக்கு மிஞ்சுவதைக் குறைத்துக் காட்டிவிட்டன!

முதல் பிழை 37 சதவீதம். அது கடைசி அடுக்கின் விகிதம். 2025-இல் தனிநபருக்கு 6,26,350 டாலருக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டுமே அது பொருந்தும். அதற்குக் கீழே 10, 12, 22, 24, 32, 35 என்று படிகள். திருமணமாகாத ஒரு வீரர் 7,60,000 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிலையான கழிவு 15,750 போக மீதிக்கு மத்திய வருமான வரி ஏறத்தாழ 2,32,400 டாலர். இதோடு நீங்கள் மறந்துவிட்டவை: சமூகப் பாதுகாப்புக்கு 6.2 சதவீதம், ஆனால் முதல் 1,76,100 டாலருக்கு மட்டும், ஆகவே 10,918. மெடிகேர் என்னும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 சதவீதம், இதற்கு உச்சவரம்பே கிடையாது, 11,020. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சம்பளத்துக்குக் கூடுதல் மெடிகேர் 0.9 சதவீதம், 5,040. எல்லாம் கூட்டினால் 2,59,400 அளவில் நிற்கும். சம்பளத்தில் 34 சதவீதம்.

இரண்டாவது பிழை ஏஜென்ட். வீரர்கள் சங்கம் ஏஜென்ட் கட்டணத்துக்கு உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. அமெரிக்கக் கால்பந்தில் 3 சதவீதம், கூடைப்பந்தில் 4 என்று வரம்பு உண்டு. பேஸ்பாலில் நான்கிலிருந்து ஐந்து என்பது வழக்கம். ஆனால் ஒரு விதி இருக்கிறது: கட்டணத்தைக் கழித்த பிறகு வீரரின் சம்பளம் குறைந்தபட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. ஆகவே உங்கள் எடுத்துக்காட்டில் வருகிற, குறைந்தபட்ச சம்பளம் மட்டுமே வாங்கும் வீரர், அந்தச் சம்பளத்திலிருந்து ஏஜென்டுக்கு ஒரு காசும் தர வேண்டியதில்லை.

மாநில வரிக்கு முன்னால் மிஞ்சுவது ஐந்து லட்சத்துச் சொச்சம், 66 சதவீதம்.

வைகைக்கரையான்

ஆகா! அப்படியானால் ரேஞ்சர்ஸ் வீரருக்கு 66 சதவீதம். டெக்சஸில்தான் மாநில வரி இல்லையே. பந்தயம் முடிந்தது, நன்றி வணக்கம்.

சிகாகோ செல்வி

அவசரப்படாதீர்கள் அண்ணா. ரேஞ்சர்ஸ் 162 ஆட்டத்தையும் ஆர்லிங்டனிலேயே ஆடுகிறதா? பாதி ஆட்டம் வெளியூரில். போகிற ஊரெல்லாம் வரி வாங்கும். இதற்கு இங்கே 'ஜாக் டாக்ஸ்' என்று பெயர், ஜாக் என்றால் விளையாட்டு வீரர். சட்டப் புத்தகத்தில் அப்படியொரு பெயர் இல்லை, பேச்சு வழக்கில்தான்.

இதன் கதை எங்கள் ஊரோடு சேர்ந்தது என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். 1991-இல் கூடைப்பந்து இறுதித் தொடரில் சிகாகோ புல்ஸ் லாஸ் ஏஞ்சலஸ் போய் லேக்கர்ஸை வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. கலிபோர்னியா அரசு பின்னாலேயே, எங்கள் மண்ணில் ஆடிச் சம்பாதித்ததற்கு வரி கட்டுங்கள் என்று புல்ஸ் வீரர்களுக்குச் சீட்டு அனுப்பியது. அடுத்த ஆண்டே இல்லினாய் ஒரு சட்டம் போட்டது: எங்கள் வீரர்களிடம் வரி வாங்கும் மாநிலங்களின் வீரர்கள் இங்கே ஆட வந்தால் நாங்களும் வாங்குவோம். அதற்கு, புல்ஸின் நட்சத்திர வீரர் பெயரில், 'மைக்கேல் ஜோர்டனின் பழிவாங்கல்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பிறகு மற்ற மாநிலங்களும் 'நமக்கும் இது தோன்றாமல் போயிற்றே' என்று வரிசையில் வந்து நின்றன.

எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்றால், பயிற்சி முகாம் தொடங்கும் நாளிலிருந்து கடைசி ஆட்டம் வரை உள்ள பணி நாட்களை எண்ணுவார்கள். அதில் எத்தனை நாள் அந்த மாநிலத்தில் கழிந்ததோ, சம்பளத்தில் அந்தப் பங்கு அந்த மாநிலத்துக்கு உரியது. ஆடாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் பணி நாள் பணி நாள்தான். கிளீவ்லாந்து நகரம் மட்டும் ரொம்ப நாள் தந்திரம் செய்தது. பணி நாட்களை எண்ணாமல் ஆட்டங்களை மட்டும் எண்ணும். வகுக்கிற எண் சிறியதாகிவிடுவதால் நகரத்தின் பங்கு பெருகிவிடும். 2015-இல் ஒஹையோ உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. வழக்குப் போட்டவர்களில் ஒருவரான ஜெஃப் சாட்டர்டே, வரி விதிக்கப்பட்ட அந்த ஆட்டத்துக்குக் கிளீவ்லாந்து பக்கமே வரவில்லை, காயத்தால் ஊரிலேயே இருந்தார் என்பதுதான் வேடிக்கை. இப்படிப் போடப்பட்ட இரண்டு வழக்குமே அமெரிக்கக் கால்பந்து வீரர்களுடையவை, ஆனால் தீர்ப்பு எல்லா விளையாட்டுக்கும் பயன்பட்டது.

பிட்ஸ்பர்க்கில் வெளியூர் வீரர்களிடம் மட்டும் 3 சதவீதம் 'மைதானப் பயன்பாட்டுக் கட்டணம்' வாங்கிவந்தார்கள். 2025-இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் அதையும் அடித்துவிட்டது.

வரிப்புலி

செல்வி சொன்னதை எண்ணாக்கிப் பார்க்கிறேன். ரேஞ்சர்ஸ் வீரருக்குப் பணி நாட்கள் 220 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளின் மதிப்பு 3,450 டாலர் அளவில் வரும்.

ரேஞ்சர்ஸின் வசந்தகாலப் பயிற்சி முகாம் அரிசோனாவில் இருக்கிறது. ஊரின் பெயரே சர்ப்ரைஸ். அங்கே நாற்பது நாள். அரிசோனாவின் வரி எல்லோருக்கும் ஒரே 2.5 சதவீதம், ஆகவே 3,450 டாலர் வரி. கலிபோர்னியாவில் ஏஞ்சல்ஸோடும், சாக்ரமெண்டோவில் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஏ'ஸ் அணியோடும் ஆட ஒரு பதினான்கு நாள். கலிபோர்னியா வெளியூர்க்காரருக்கும் அவருடைய மொத்த வருமானத்தை வைத்தே விகிதத்தைத் தீர்மானிக்கும். இந்தச் சம்பளத்துக்குச் சராசரி 10 சதவீதத்தை ஒட்டி வரும். வரி 4,700. நாற்பது நாள் சர்ப்ரைஸில் இருந்ததைவிடப் பதினான்கு நாள் கலிபோர்னியாவில் இருந்தது அதிகச் செலவு!

ஹூஸ்டன், சியாட்டில், புளோரிடா போனால் இந்தக் கணக்கில் வரி இல்லை. வாஷிங்டன் டி.சி.யும் வெளியூர்க்காரரின் சம்பளத்தில் கைவைக்க முடியாது, மத்திய சட்டமே தடுக்கிறது. மற்ற ஊர்களையும் கூட்டினால் ஆண்டுக்கு 15,000 முதல் 20,000 டாலர் வரை வெளிமாநிலங்களுக்குப் போகும் என்பது என் உத்தேசம். டெக்சஸ்காரருக்கு உள்ளூரில் வரியே இல்லாததால் இதை எதிலும் ஈடுகட்டிக்கொள்ளவும் வழியில்லை.

கடைசியில் 4,80,000 அளவில் நிற்கிறது. 63 சதவீதம்.

ஒப்பந்தக்காரன்

இடையில் ஒரு புலம்பல். இந்தச் சட்டம் வீரர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அணியோடு பயணம் செய்யும் பிசியோ, பயிற்சியாளர், வார்ம்-அப் பந்துகளைப் பிடிக்கும் கேட்சர் எல்லோருக்கும் உண்டு. அவர்கள் சம்பளம் நம் சம்பளம் மாதிரிதான். ஆனால் பத்துப் பன்னிரண்டு மாநிலங்களுக்குப் படிவம் நிரப்ப வேண்டும்.

கறாராகப் பார்த்தால் வாடிக்கையாளர் அலுவலகத்துக்கு நியூயார்க் போய் இரண்டு வாரம் உட்கார்ந்த என்னைப் போன்ற மென்பொருள் ஆட்களுக்கும் இதே சட்டம்தான். எந்த நாள் எந்த ஊரில் இருந்தேன் என்று என் நிறுவனம் கேட்டதே இல்லை. நானாகக் கணக்கு வைத்துப் படிவம் கொடுத்தேன். வீரனுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. எந்த நாள் எந்த ஊரில் இருப்பான் என்று அரசாங்கத்துக்கு முன்கூட்டியே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

இரண்டாம்தளம்

சரி, நானும் இறங்கிவிட்டேன். என் கேள்வி: வீரர் புளோரிடாவில் வீடு வாங்கிவிட்டால் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு ஆடினாலும் கலிபோர்னியா வரியிலிருந்து தப்பிவிடலாமா? எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று கேள்வி.

வரிப்புலி

முழுதாக முடியாது. டாட்ஜர்ஸுக்கு ஆடுகிறவரின் பணி நாட்களில் ஏறத்தாழப் பாதி கலிபோர்னியாவில்தான் கழியும். அந்தப் பங்குக்கு வரி உறுதி. புளோரிடா முகவரியால் மிஞ்சுவது மற்ற நாட்களுக்கான பங்கு, விளம்பர வருமானம், வட்டி, பங்கு லாபம் போன்றவை. முக்கியமாக, சைனிங் போனஸ் என்கிற கையெழுத்துப் பணம். அது சம்பளத்திலிருந்து தனியாக, ஆடினாலும் ஆடாவிட்டாலும் திருப்பிக் கேட்க முடியாதபடி எழுதப்பட்டிருந்தால், பணி நாள் கணக்கில் சேராது. வீரர் எந்த மாநிலவாசியோ அந்த மாநிலத்துக்கே உரியது. ஹுவான் சோட்டோ நியூயார்க் மெட்ஸ் அணியோடு போட்ட 76.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் 7.5 கோடி கையெழுத்துப் பணமாக ஏன் வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

வைகைக்கரையானின் நண்பர் நட்சத்திர வீரரை மனதில் வைத்துச் சொல்லியிருந்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆண்டுக்கு 2 கோடி டாலர் சம்பளம் என்று எடுத்துக்கொள்வோம். இங்கே முதல் ஆறேகால் லட்சத்தின் படிகள் கடலில் கரைத்த பெருங்காயம். கிட்டத்தட்ட முழுதும் 37 சதவீதத்தில் விழும். மத்திய வருமான வரி 73.5 லட்சம். மெடிகேர் இரண்டும் சேர்த்து 4.7 லட்சம். ஏஜென்டுக்கு ஐந்து சதவீதம் என்றால் 10 லட்சம்.

ஏஜென்டுக்குக் கொடுக்கும் பணத்தை 2017 வரை ஓரளவு மத்திய வரியில் கழித்துக்கொள்ள முடிந்தது. 2018 முதல் சம்பளக்காரருக்கு அந்தக் கழிவு போய்விட்டது. 2025-இல் வந்த சட்டம் அதை நிரந்தரமாக்கிவிட்டது. ஆகவே கையில் வராத பத்து லட்சத்துக்கும் வீரர் வரி கட்டுகிறார்.

இவர் கலிபோர்னியாவிலேயே வசித்தால் மாநில வரி சுமார் 26 லட்சம். அதோடு மாநில இயலாமைக் காப்பீட்டுக்கு 2025-இன் விகிதப்படி 1.2 சதவீதம், 2.4 லட்சம். இதற்கு முன்பு ஓர் உச்சவரம்பு இருந்தது, 2024-இல் எடுத்துவிட்டார்கள். வேறு மாநிலங்களுக்குக் கட்டியதை கலிபோர்னியா வரியில் ஈடுகட்டிக்கொள்ளலாம். கையில் மிஞ்சுவது 83 லட்சம், அதாவது 41 சதவீதம். இதே சம்பளத்துக்கு மயாமியில் ஆடி புளோரிடாவில் வசிப்பவருக்கு, வெளியூர் வரிகள் போக, ஒரு கோடியே ஐந்து லட்சத்தைத் தாண்டி நிற்கும். இருபது லட்சத்துக்கும் மேல் வித்தியாசம், அதுவும் ஒவ்வோர் ஆண்டும்.

இடதுகை

இதுவரை எழுதிய எல்லோரும் 7,60,000-ஐத் தரைமட்டம் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். அது மாடி. தரைக்கு அழைத்துப் போகிறேன், வாருங்கள்.

பேஸ்பாலில் தொழில்முறை வீரர் என்றால் பெரும்பாலோர் மைனர் லீக்கில் இருப்பவர்கள். 2022 வரை டிரிபிள்-ஏ, அதாவது பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே ஆடுபவரின் குறைந்தபட்ச சம்பளம் ஆண்டுக்கு 17,500 டாலர். டபிள்-ஏ 13,800. அதற்குக் கீழே 11,000. அடிமட்டப் பயிற்சி வளாகத்தில் 4,800. மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு. பயிற்சி முகாமில் அப்போது சம்பளமே கிடையாது. 2018-இல் நாடாளுமன்றம் ஒரு செலவுச் சட்டத்துக்குள் ஒரு பகுதியைச் செருகி, மைனர் லீக் வீரர்களுக்கு மிகைநேர ஊதியம் கேட்கும் உரிமையைப் பறித்தது. அதற்கு வைத்த பெயர் 'அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்பாற்றும் சட்டம்'. யாரிடமிருந்து காப்பாற்றினார்களோ!

ஊதியம் கேட்டு நடந்த வழக்கு 2022-இல் 18.5 கோடி டாலருக்குச் சமரசமானது. அதே ஆண்டு அணிகள் பெரும்பாலான மைனர் லீக் வீரர்களுக்குத் தங்குமிடம் தரத் தொடங்கின. வீரர்களும் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023-இல் சம்பளம் ஏறியது: டிரிபிள்-ஏ 35,800, டபிள்-ஏ 30,250, அடிமட்டம் 19,800. இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று பெருமையாகச் சொன்னார்கள். நான்கு மடங்கு ஆன பிறகுதான் இந்தத் தொகை.

மேலே அழைக்கப்பட்டவருக்கும் 7,60,000 முழுதாக வருவதில்லை. அது நாள் கணக்கு. பெரிய லீக்கில் இருக்கும் நாளுக்கு நாலாயிரத்துச் சொச்சம் டாலர். பன்னிரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் அந்தப் பன்னிரண்டு நாளுக்கு மட்டும்.  சம்பளமும் சீசன் நடக்கும் மாதங்களில்தான், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. அக்டோபரில் நின்றால் மறுபடி ஏப்ரலில்.

ஒன்று மட்டும் நல்லது: பெரிய லீக்கில் மொத்தம் 43 நாள் இருந்துவிட்டால் ஓய்வூதியத்துக்குத் தகுதி வந்துவிடும். நாற்பத்திரண்டாம் நாள் கீழே அனுப்பப்பட்டவனின் இரவை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாம்தளம்

இடதுகை அவர்களே, முதல் பதிவில் நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அம்பானி மட்டும் அப்படியே இருக்கட்டும்.

இடதுகை

பரவாயில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'கட்டணம்' என்ற சொல்லுக்குள் யாரும் இதைச் சேர்க்கவில்லை.

டொமினிகன் குடியரசில் பதினாறு வயதில் பையன்களை ஒப்பந்தம் செய்கிறார்கள். அதற்கு முன்பே, பன்னிரண்டு பதின்மூன்று வயதிலிருந்து, அவனுக்குச் சோறு போட்டுப் பயிற்சி தரும் ஓர் ஆள் இருப்பார். அங்கே புஸ்கோன் என்பார்கள். பையனுக்குக் கிடைக்கும் கையெழுத்துப் பணத்தில் கணிசமான பங்கு அவருக்கு. பிறகு மைனர் லீக்கில் காசில்லாமல் கிடக்கும்போது, இப்போது ஒரு தொகை தருகிறோம், நீ பெரிய லீக்குக்குப் போனால் சம்பாத்தியத்தில் ஒரு பங்கு தா என்று நிறுவனங்கள் வரும். பெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர் 2017-இல், பதினெட்டு வயதில், பிக் லீக் அட்வான்ஸ் என்ற நிறுவனத்திடம் 20 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு எதிர்கால வருமானத்தில் பத்து சதவீதம் தர ஒப்புக்கொண்டார். 2021-இல் சான் டியேகோ அணி அவருக்கு 14 ஆண்டுக்கு 34 கோடி டாலர் ஒப்பந்தம் தந்தது. பத்து சதவீதம் என்றால் 3.4 கோடி. 2025-இல் அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்திருக்கிறார்.

ஒப்பந்தக்காரன்

இதில் நான் எதிர்க்கட்சி. அவர் பெரிய லீக்குக்கு வராமலே போயிருந்தால் அந்த 20 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லையே? வாங்கிய பலர் அப்படி வராமலேயே போவதால்தான் வந்தவரிடம் இவ்வளவு வாங்குகிறார்கள். நம் ஊரில் நிலத்தை ஒற்றி வைத்தவர்களுக்கு இந்தக் கணக்குப் புரியும்.

இடதுகை

ஒற்றி வைத்தவருக்குத் தன் நிலம் எத்தனை சென்ட் என்றாவது தெரியும். பதினெட்டு வயதுப் பையனுக்குத் தன் கை எவ்வளவு பெறும் என்று தெரியாது. எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும், அதற்கென்றே கணக்குப் போட ஆள் வைத்திருப்பார்கள். நீதிமன்றம் என்ன சொல்கிறதோ பார்ப்போம், இதில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை.

ஸ்காபரோ சிவம்

எல்லோரும் அமெரிக்காவைப் பற்றியே கதைக்கிறீர்கள், எங்கள் டொராண்டோ புளூ ஜேஸ் அணியை விட்டுவிட்டீர்களே. ஒன்டாரியோவில் உச்ச வரி விகிதம் 53.53 சதவீதம். டொராண்டோ என்றால் வீரர்கள் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இங்கே ஒவ்வொரு குளிர்காலமும் அழுவோம்.

ஆனால் ஒரு வாசல் இருக்கிறது. கனடா, அமெரிக்கா வரி ஒப்பந்தத்தின்படி அமெரிக்காவில் வசிக்கும் வீரருக்குத் தரும் கையெழுத்துப் பணத்துக்கு கனடா 15 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது. மீதியை அமெரிக்கா பார்த்துக்கொள்ளும். 2025-இல் விளாடிமிர் கெரேரோ ஜூனியருக்கு 14 ஆண்டுக்கு 50 கோடி டாலர் கொடுத்தார்கள். அதில் 32.5 கோடி கையெழுத்துப் பணம்! ஒப்பந்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு 'கையெழுத்துப் போட்டதற்கு நன்றி' என்றால் ஏன் என்று விளங்குகிறதல்லவா?

இந்த வாசல் எத்தனை நாள் திறந்திருக்குமோ. ஐஸ் ஹாக்கி வீரர் ஜான் டவாரெஸ் 2018-இல் வாங்கிய இப்படியான பணத்தை 'இது சம்பளம்தான்' என்று கனடா வரித்துறை பிடித்துக்கொண்டு, வழக்கு வரி நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.

சிகாகோ செல்வி

தலைப்பில் 70 கோடி என்று போட்டுவிட்டு ஓட்டானியை யாரும் தொடவில்லையே.

வரிப்புலி

தொட்டுவிடுவோம். ஷோஹெய் ஓட்டானி டாட்ஜர்ஸோடு 2023 டிசம்பரில் போட்ட ஒப்பந்தம் 10 ஆண்டுக்கு 70 கோடி டாலர். ஆனால் ஆடுகிற பத்தாண்டில் ஆண்டுக்கு 20 லட்சம் மட்டுமே வாங்குவார். மீதி 68 கோடி 2034 முதல் 2043 வரை ஆண்டுக்கு 6.8 கோடியாக, வட்டியில்லாமல் வரும். வட்டி இல்லாததால் இன்றைய மதிப்பில் அந்த ஒப்பந்தம் ஆண்டுக்கு 4.6 கோடி என்றுதான் லீக்கே கணக்கில் வைத்தது. ஆக, வரிக்கு முன்பே 70 கோடி 46 கோடியாகிவிட்டது!

வரிக்கு வருவோம். 1996-இல் வந்த மத்திய சட்டம், ஊரைவிட்டுப் போனவரின் ஓய்வுக்கால வருமானத்தில் பழைய மாநிலம் கைவைப்பதைத் தடுக்கிறது. பத்தாண்டுக்குக் குறையாமல் சம தவணையாக வரும் ஒத்திவைத்த சம்பளமும் அதற்குள் அடங்கும். 2034-க்குள் ஓட்டானி கலிபோர்னியாவை விட்டு வெளியேறிவிட்டால் 68 கோடியில் அந்த மாநிலத்துக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம். மாநிலக் கணக்குத் தலைவர் மாலியா கோஹென் 2024 ஜனவரியில் இதற்கு வரம்பு வைக்கச் சொல்லி நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது இதனால்தான்.

ஆனால் 'வரி ஏய்க்கத்தான் ஒத்திவைத்தார்' என்று எழுதுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அவர் திரும்பிப் போவது ஜப்பானுக்கு என்றால் அங்கே உச்ச விகிதம் தேசிய வரி 45, உள்ளூர் வரி 10. கலிபோர்னியா வரியையும் அமெரிக்க மத்திய வருமான வரியையும் சேர்த்தாலும் அதற்குக் கொஞ்சம் கீழேதான் வரும். ஒத்திவைத்ததன் பெரிய பயன் அணிக்கு: வேறு வீரர்களை வாங்க இடம் கிடைத்தது.

வட்டியோடு ஒத்திவைத்தவர் என்றால் பாபி போனியாதான். 2000-இல் மெட்ஸ் அவருக்குத் தர வேண்டியிருந்தது 59 லட்சம். 8 சதவீத வட்டிக்கு ஒப்புக்கொண்டு 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1-ஆம் தேதியும் 11,93,248 டாலர் தருகிறார்கள். ரசிகர்கள் அந்த நாளைப் பண்டிகை போலக் கொண்டாடுகிறார்கள்.

இரண்டாம்தளம்

சொகுசு வரி என்று ஒன்று சொல்கிறார்களே, அதையும் வீரர் சம்பளத்தில் பிடிப்பார்களா?

வரிப்புலி

இல்லை. மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் அணி லீக்குக்குக் கட்டுவது அது. ஜப்பானிய வீரரை எடுக்கும்போது பழைய அணிக்குத் தரும் தொகையும் அப்படியே; யமமோட்டோவுக்காக டாட்ஜர்ஸ் ஐந்து கோடி டாலரைச் சற்றுத் தாண்டிக் கொடுத்தது, அவருடைய 32.5 கோடியிலிருந்து ஒரு காசும் குறையவில்லை. கூடைப்பந்தில் சம்பளத்தில் பத்து சதவீதத்தைப் பிடித்து வைத்து ஆண்டு முடிவில் சரிபார்க்கும் வழக்கம் உண்டு. பேஸ்பாலில் அதுவும் இல்லை.

ஒப்பந்தக்காரன்

ஐ.பி.எல். எப்படி? அங்கே ஆடப்போகும் வெளிநாட்டு வீரருக்கு?

வரிப்புலி

இந்தியாவில் வசிக்காத விளையாட்டு வீரருக்கு வருமான வரிச் சட்டத்தில் தனிப் பிரிவு, மொத்தத் தொகையில் 20 சதவீதம், கூடவே கூடுதல் வரிகள். செலவைக் கழிக்க முடியாது. சென்னையில் மூன்று நாள், மும்பையில் இரண்டு நாள் என்று எண்ணும் தொல்லை இல்லை. மற்றதைத் தனி இழையில் பேசுவோம், இங்கே வேண்டாம்.

வைகைக்கரையான்

எல்லோருக்கும் நன்றி. இழை முழுவதையும் அச்செடுத்துப் பக்கத்து இருக்கைக்காரர் மேசையில் வைத்தேன். தமிழ் தெரியாதவர் என்பதால் எண்களை மட்டும் வட்டமிட்டுக் காட்டினேன். ரேஞ்சர்ஸின் குறைந்தபட்ச சம்பளக்காரருக்கு 63, அதனால் வென்றது நான் என்றேன். கலிபோர்னியா நட்சத்திரத்துக்கு 41 என்ற வரியைக் கண்டுபிடித்துக்கொண்டு, தான் முதல் நாளிலிருந்தே டாட்ஜர்ஸைப் பற்றித்தான் பேசினேன் என்கிறார். அப்படி ஒருநாளும் பேசவில்லை.

கடைசியில் ஆளுக்கு ஒரு டிக்கெட் என்று முடிவாயிற்று. என் மகனுக்கான மூன்றாவது டிக்கெட்டை யார் வாங்குவது என்பதில் இன்று காலை புதிய வாக்குவாதம் தொடங்கியிருக்கிறது.